படிவத்தோடு துக்கம் விசாரிக்கப் போகிறவர்கள்

தமிழில் ‘விசாரிப்பது’ என்ற சொல்லுக்கு இரண்டு முகம் உண்டு. சாவு வீட்டுக்குப் போய்த் துக்கம் விசாரிக்கிறோம். போலீஸ்காரரும் வந்து விசாரிக்கிறார். முதலாவதில் பதில் அவ்வளவு முக்கியமில்லை. “எப்படிம்மா ஆச்சு?” என்று கேட்டுவிட்டு, கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் போதும். இரண்டாவதில் பதிலைத் தவிர வேறெதுவும் வேண்டாம். இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு வேலை இருக்கிறது. கையில் ஒரு படிவத்தோடு துக்க வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, முதல் விசாரிப்பின் குரலில் இரண்டாவது விசாரிப்பைச் செய்கிற வேலை.

இதற்குப் பெயர் வெர்பல் அட்டாப்ஸி. வாய்மொழிப் பிரேதப் பரிசோதனை என்று சொல்லலாம். கத்தியும் மேசையும் கிடையாது. இறந்தவரோடு கடைசி நாட்களில் இருந்தவரிடம், பெரும்பாலும் அம்மா அல்லது மனைவி அல்லது மருமகளிடம், என்ன உபாதை இருந்தது, காய்ச்சல் எத்தனை நாள், மூச்சு வாங்கியதா, வலிப்பு வந்ததா, எந்த ஆஸ்பத்திரிக்குப் போனீர்கள் என்று வரிசையாகக் கேட்டு எழுதுவார்கள். அதைப் பின்னால் ஒரு டாக்டர் படித்து, இறப்புக்குக் காரணம் இதுவாக இருக்கும் என்று முடிவு செய்வார். இந்தியாவில் பதிவாகும் இறப்புகளில் ஐந்தில் ஒன்றை ஒட்டித்தான் மருத்துவர் சான்றளித்த காரணம் இருக்கிறது. மற்றவர்கள் எதனால் செத்தார்கள் என்று தெரிய வேண்டுமானால், யாராவது அந்த வீட்டுக்குப் போய்க் கேட்டாக வேண்டும்.

யார் போகிறார்கள், போய்விட்டு வந்தபின் அவர்களுக்கு என்ன ஆகிறது என்பதுதான் இந்தக் கட்டுரை. சொல்லிவிடுகிறேன், நானும் போனவன்தான். கல்லூரி முடித்த புதிதில், வட மாவட்டம் ஒன்றில், குழந்தை இறப்புகள் பற்றிய ஒரு சர்வேயில் ஏழு மாதம் வேலை பார்த்தேன்.

இந்த வேலை புதிதில்லை. லண்டனில் கொள்ளை நோய்க் காலங்களில், ஒவ்வொரு சர்ச் வட்டாரத்திலும் இறந்தவர்களைப் பார்த்துக் காரணம் சொல்வதற்கென்றே கிழவிகளை வைத்திருந்தார்கள். பெரும்பாலும் வட்டார உதவித்தொகையில் வாழ்ந்த ஏழை விதவைகள். ஒரு பிணத்துக்குச் சில பென்ஸ் கூலி. கொள்ளை நோய் பரவும்போது அவர்கள் தெருவில் நடக்கையில் கையில் மூன்றடி நீளச் சிவப்புக் கோல் ஒன்றைப் பிடித்துக்கொள்ள வேண்டும், மற்றவர்கள் பார்த்து விலகிப் போவதற்காக. அந்தக் கிழவிகள் சொன்னதைத் தொகுத்து வைத்துத்தான் 1662-இல் ஜான் கிராண்ட் என்ற வியாபாரி, மக்கள்தொகை அறிவியலுக்கு அடித்தளம் என்று இன்றும் சொல்லப்படும் புத்தகத்தை எழுதினார். அதே புத்தகத்தில் அந்தக் கிழவிகளைப் பற்றி ஒரு குறையும் சொல்கிறார். ஒரு கோப்பை பீரையும் கொஞ்சம் காசையும் வாங்கிக்கொண்டு மேக நோயை, அதாவது சிபிலிஸை, சயரோகம் என்று சொல்லிவிடுகிறார்களாம். இருக்கலாம். ஆனால் எண்களை வைத்துப் பெயர் வாங்கியவர் எண்களைக் கொண்டுவந்தவரைக் குறை சொல்லும் வழக்கமும் அன்றைக்கே தொடங்கிவிட்டது.

‘வெர்பல் அட்டாப்ஸி’ என்ற பெயர் வழக்குக்கு வந்ததில் நம் நாட்டுக்குப் பங்கு உண்டு. பஞ்சாபில் லூதியானா பக்கம் நாரங்வால் என்ற ஊரை மையமாக வைத்து 1960-களிலும் 70-களிலும் நடந்த ஆய்வில்தான் இந்தச் சொல் புழங்க ஆரம்பித்தது என்பார்கள். தமிழ்நாட்டில் 1990-களின் பிற்பகுதியில் டாக்டர் வேந்தன் கஜலட்சுமியின் குழு சென்னையிலும் விழுப்புரம் கிராமப்புறங்களிலுமாக வயது வந்தவர்களின் 80,000 இறப்புகளை இப்படி விசாரித்தது. சென்னையில் 48,000, விழுப்புரத்தில் 32,000. கேட்டு எழுதியவர்கள் டாக்டர்கள் இல்லை, பட்டப்படிப்பு முடித்தவர்கள். அவர்களுக்குப் பத்து நாள் பயிற்சி. அப்புறம் 2001-இலிருந்து இந்தியத் தலைமைப் பதிவாளர் அலுவலகமும், டொராண்டோவில் இருக்கும் டாக்டர் பிரபாத் ஜாவின் ஆய்வு மையமும் சேர்ந்து நடத்திய ‘மில்லியன் டெத் ஸ்டடி’ வந்தது. அதன் முதல் கட்டத்தில் மட்டும், 11 லட்சம் வீடுகளில் 2001 முதல் 2003 வரை நடந்த ஒரு லட்சத்து இருபதாயிரத்துக்கு மேற்பட்ட இறப்புகள். களத்தில் இருந்தவர்கள் எண்ணூறு, தொள்ளாயிரம் பேர்.

அந்த எண்கள் சாதாரணமானவை இல்லை. இந்தியாவில் ஆண்டுக்கு மலேரியாவால் 15,000 பேர் இறக்கிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லிக்கொண்டிருந்தபோது, 2010-இல் இந்த ஆய்வு சொன்னது 2,05,000. பெரிய சண்டையே நடந்தது. ஏன் இவ்வளவு வித்தியாசம் என்றால், அப்படி இறந்தவர்களில் நூற்றுக்கு 86 பேர் எந்த ஆஸ்பத்திரியிலும் இறக்கவில்லை. பாம்புக்கடிச் சாவு ஆண்டுக்கு ஏறக்குறைய 46,000 என்று தெரிந்ததும் இதே வழியில்தான். கொள்கை வகுப்பவர் மேசைக்கு வரும் அந்த ஒரு எண்ணுக்குப் பின்னால், யாரோ ஒருவர் கரம்பைக் காட்டில் நடந்துபோய், ஒரு குடிசை வாசலில் உட்கார்ந்து, “எந்தக் கால்ல கடிச்சதும்மா?” என்று கேட்டிருக்கிறார்.

சரி, அந்த வாசலுக்கு வருவோம்.

பச்சிளம் குழந்தை இறப்புக்கு என்று தனிப் படிவம் உண்டு. அதில் முதலிலேயே வரும் சில கேள்விகள்: குழந்தை பிறந்ததும் அழுததா? அசைந்ததா? மூச்சு விட்டதா? இவை எதற்கு என்றால், செத்துப் பிறந்த குழந்தையையும், உயிரோடு பிறந்து சில நிமிடங்களில் இறந்த குழந்தையையும் பிரித்துப் பார்க்க. புள்ளிவிவரத்தில் இரண்டும் வெவ்வேறு கணக்கு. தடுக்கும் வழிகளும் வேறு. எனவே மூன்றையும் தனித்தனியாகக் கேட்க வேண்டும். “அழவே இல்லைங்க” என்று அந்தப் பெண் சொன்ன பிறகும், “அசைஞ்சுதா?” என்று கேட்க வேண்டும். “இல்லை” என்றபின் “மூச்சு இருந்துச்சா?” என்று கேட்க வேண்டும். பயிற்சியில் இதை ஒரு பவர்பாயிண்ட் பக்கத்தில் பார்க்கும்போது தர்க்கம் சுத்தமாகத்தான் இருந்தது. திண்ணையில் மூன்றாவது கேள்வி வாயிலிருந்து வரும்போது, நான் அந்தப் பெண்ணிடம் மூன்று முறை அதையே திரும்பத் திரும்பக் குத்திக் கேட்பதாகத் தோன்றியது. அவளுக்கு அப்போது இருபது வயதுகூட இருக்காது. எனக்கு இருபத்திரண்டு.

அழுகை கஷ்டமில்லை என்று சொன்னால் வெளியிலிருப்பவர்கள் நம்புவதில்லை. உண்மையில் அழுகை வந்தால் பேனாவை மூடிவிட்டு உட்காரலாம், தண்ணீர் கொடுங்கள் என்று வீட்டாரிடம் சொல்லலாம், இன்னொரு நாள் வருகிறேன் என்று எழுந்துவிடலாம். விதியிலேயே அதற்கு இடம் உண்டு. பதில் சொல்ல முடியாத கேள்விதான் கஷ்டம். படிவம் முடிகிற நேரத்தில், பெரும்பாலும் பாட்டிதான் கேட்பார்: “ஏன் தம்பி, முந்தின நாளே தூக்கிட்டுப் போயிருந்தா பொழைச்சிருக்குமா?”

இந்தக் கேள்விக்கு இந்த வேலையில் ஒரு தனி விஷம் உண்டு. காரணம், கேட்பவருக்குப் பதில் பாதி தெரியும். பயிற்சியில் அபாய அறிகுறிகளைச் சொல்லித் தந்திருப்பார்கள்: பால் குடிக்க மறுப்பது, நெஞ்சு உள்வாங்குவது, உடம்பு சில்லிடுவது. நாற்பது ஐம்பது வீடு போனபின் கதை பாதியில் இருக்கும்போதே எங்கே தவறியது என்று மனசுக்குள் மணி அடித்துவிடும். வியாழக்கிழமை சாயங்காலம் பால் குடிக்கவில்லை, வெள்ளி இரவு கிளம்பினார்கள். நடுவில் ஒரு பகல் முழுக்க இருந்தது. அந்தப் பகல் எனக்குத் தெரிகிறது, அவர்களுக்குத் தெரியவில்லை, அல்லது தெரிந்தேதான் கேட்கிறார்கள். நான் சொல்ல வேண்டிய பதில், பயிற்சியில் எழுதித் தந்தபடி, “அதையெல்லாம் டாக்டர்கள்தாம்மா சொல்லணும்” என்பது. டாக்டர் சொல்லமாட்டார். அவர் எங்கோ ஓர் ஊரில் ஸ்கேன் செய்த காகிதத்தைத்தான் பார்ப்பார். அவர் எழுதும் காரணம் அந்த வீட்டுக்குத் திரும்பி வருவதே இல்லை. இதை அந்தப் பாட்டியிடம் சொன்னதில்லை.

இன்னொன்று பணம். கையில் காகிதத்தோடு ஒருவர் சாவு பற்றி விவரம் கேட்டால், நம் ஊரில் அதற்கு ஒரே அர்த்தம்தான்: நிவாரணம் வரப்போகிறது. வராது என்று ஆரம்பத்திலேயே தெளிவாகச் சொல்லி, ஒப்புதல் கையெழுத்து வாங்க வேண்டும். சொல்வோம். தலையாட்டுவார்கள். எல்லாம் முடிந்து எழும்போது ரேஷன் கார்டு ஜெராக்ஸை நீட்டுவார்கள். இரண்டு மாதம் கழித்து அதே ஊருக்குப் போகும்போது, அந்த வீட்டைத் தாண்டாமல் சுற்றிப் போகிற வழி எது என்று தேடியிருக்கிறேன்.

துக்கத்தை விட்டு வெளியே வருவதற்கு நம் வழக்கத்தில் எவ்வளவோ ஏற்பாடு இருக்கிறது என்பது இந்த வேலைக்கு வந்தபின்தான் எனக்கு உறைத்தது. சாவு வீட்டிலிருந்து கிளம்பும்போது “போயிட்டு வரேன்” என்று சொல்ல மாட்டோம். சொல்லாமல் எழுந்து வந்துவிடுவோம். வீட்டுக்கு வந்ததும் உள்ளே நுழையுமுன் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொள்வோம். பெண்கள் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு ஒப்பாரி வைப்பார்கள், அதில் தன் வீட்டுச் சாவையும் சேர்த்து அழுதுகொள்வார்கள். பதினாறாம் நாள் ஒரு கோடு, வருஷத் திதி ஒரு கோடு. தீட்டு என்பதில் நமக்கு நம்பிக்கை இருக்கிறதோ இல்லையோ, குளியல் ஒரு வேலை செய்தது: அங்கிருந்தது அங்கேயே, இங்கே வேறு.

படிவத்தோடு போகிறவருக்கு இதில் ஒன்றுமே வாய்ப்பதில்லை. அழக் கூடாது, அழுதால் பதில் மாறிவிடும். கட்டிக்கொள்ள முடியாது. கிளம்பும்போது நன்றி சொல்லி, மறுபடி ஒரு சூப்பர்வைசர் சரிபார்க்க வரலாம் என்றும் சொல்லிவிட்டு வர வேண்டும். அதாவது சாவு வீட்டில் ‘வருவோம்’ என்று சொல்லிவிட்டுக் கிளம்புகிற ஒரே ஆள் அவர்தான். குளிக்கவும் முடியாது. பதினொன்றரைக்கு அடுத்த வீடு.

ஒரு நாளைக்கு எத்தனை வீடு என்பதில்தான் விஷயமே இருக்கிறது. அரசின் நிரந்தர ஊழியர்கள் போகும் ஆய்வுகள் வேறு. ஒப்பந்த ஏஜென்சிகள் எடுத்து நடத்தும் பல சர்வேக்களில் கணக்கு நாளொன்றுக்கு இத்தனை ஃபார்ம் என்று வந்துவிடும். நான் வேலை பார்த்த இடத்தில் மூன்று. மூன்று என்றால் குறைவாகத் தெரியும். ஒரு வீட்டுக்கு ஒன்றேகால் மணி நேரம், நடுவில் பஸ், நடை, பூட்டியிருக்கும் வீடு, வயலுக்குப் போனவரைக் காத்திருப்பது. முடிகிறபோது ஆறு மணி. அப்புறம் லாட்ஜ் அறையில் உட்கார்ந்து படிவத்தின் கதைப் பகுதியை, அதாவது நடந்ததை வீட்டார் சொன்னபடியே, நல்ல கையெழுத்தில் எழுத வேண்டும். ஆக, மூன்று சாவையும் பகலில் ஒருமுறை கேட்டு, ராத்திரி ஒருமுறை நாமே சொல்கிறோம்.

இந்தக் களைப்புக்கு ஆங்கில உலகில் பெயர்கள் உண்டு. அமெரிக்கச் சமூகவியலாளர் ஆர்லி ஹாக்ஷில்ட் 1983-இல், விமானப் பணிப்பெண்களை வைத்து, உணர்ச்சி உழைப்பு என்ற கருத்தை முன்வைத்தார்: சம்பளத்துக்காக முகத்தையும் மனசையும் ஒரு நிலையில் வைத்திருப்பதும் உழைப்புதான், மூட்டை தூக்குவதைப் போல. 1990-இல் மெக்கேனும் பெர்ல்மேனும், பிறருடைய கொடிய அனுபவங்களைத் தொடர்ந்து கேட்பவருக்கு உலகத்தின் மீதான நம்பிக்கையே மெல்ல மாறிப்போவதை விவரித்தார்கள். அவர்கள் எழுதியது மனநல ஆலோசகர்களைப் பற்றி. ஆய்வாளர்களைப் பற்றி யோசிக்க இன்னும் பத்துப் பதினைந்து ஆண்டுகள் ஆயின. ஆஸ்திரேலியாவில் வர்ஜீனியா டிக்சன்-ஸ்விஃப்ட்டும் அவர் சகாக்களும் இப்படிப்பட்ட ஆய்வு செய்தவர்கள் 30 பேரிடம் பேசி, 2007-ஐ ஒட்டி எழுதிய கட்டுரைகளில், களத்தை விட்டு வருவது எவ்வளவு கஷ்டம், கேட்டதற்குப் பதிலாக எதுவும் தரவில்லை என்ற குற்ற உணர்வு எப்படி ஒட்டிக்கொள்கிறது என்பதெல்லாம் பதிவாகின. களத்துக்கே போகாமல் ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு பேட்டிகளைத் தட்டச்சு செய்பவர்களும் இதே போல நொறுங்குகிறார்கள் என்று வேறு சிலர் எழுதினார்கள். அது எனக்கு ஆச்சரியமாக இல்லை. ஒரு வாக்கியம் புரியவில்லை என்றால் அவர்தான் அதைப் பத்து முறை பின்னுக்கு ஓட்டிக் கேட்கிறார்.

ஆனால் இந்தக் கட்டுரைகளைப் படிக்கும்போது ஒன்று உறுத்தும். பெரும்பாலும் பேசுகிறவர்கள் ஆய்வை வடிவமைத்தவர்கள், தன் பெயரில் கட்டுரை வெளியிடப் போகிறவர்கள். நம் ஊரில் கேட்பவர் வேறு, எழுதுகிறவர் வேறு. கேட்டவருக்கு அந்தக் கதை எதற்காகக் கேட்கப்பட்டது, கடைசியில் என்ன ஆயிற்று என்று தெரிவதே அபூர்வம். வலி ஒரு பயனுக்காக என்று தெரிந்தால் தாங்கலாம் என்பார்கள். அந்தப் பயன் மேலேயே நின்றுவிடுகிறது.

இதிலும் ஒரு படி சிக்கலான நிலை நம் கிராம சுகாதார செவிலியருடையது. தமிழ்நாட்டில் 1990-களின் நடுவிலிருந்தே, பிரசவத்தை ஒட்டி ஒரு பெண் இறந்தால் அந்த இறப்பை ஒவ்வொன்றாக ஆராயும் வழக்கம் உண்டு. 2010-இல் மத்திய அரசு இதை நாடு முழுவதற்குமான வழிகாட்டுதலாக்கியது. ஊரளவில் வீட்டில் விசாரணை, ஆஸ்பத்திரியில் விசாரணை, பிறகு மாவட்ட அளவில் ஆய்வுக் கூட்டம். தமிழ்நாட்டில் பேறுகால இறப்பு விகிதம் 2018-20 கணக்கில் உயிரோடு பிறக்கும் லட்சம் குழந்தைகளுக்கு 54 என்ற அளவுக்கு வந்ததில் இந்த ஏற்பாட்டுக்கும் பங்கு உண்டு என்று துறைக்காரர்கள் சொல்வார்கள். நானும் அதை நம்புகிறேன்.

அந்தச் செவிலியரின் இடத்தில் நின்று பாருங்கள். இறந்த பெண்ணுக்குக் கர்ப்பப் பதிவு செய்ததே அவர்தான். ரத்தம் எடுத்தது, இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தது, “ஆஸ்பத்திரிக்குத்தான் போகணும் என்ன” என்று மாமியாரிடம் சண்டை போட்டது எல்லாம் அவர். ஒன்பது மாதப் பழக்கம். இப்போது இறப்பைத் தெரிவிக்க வேண்டியவரும் அவரே, விசாரணைக் குழுவை அந்த வீட்டுக்கு அழைத்துப் போக வேண்டியவரும் அவரே. கூட்டத்தில், எட்டாவது மாதம் பிரஷர் பார்த்தீர்களா, ரெஜிஸ்டர் எங்கே என்று கேள்வி வருவதும் அவரிடம்தான். துக்கக்காரர், சாட்சி, குற்றவாளி மூன்றும் ஒரே ஆள். ‘பெயரும் வேண்டாம், பழியும் வேண்டாம்’ என்பதுதான் இந்த ஆய்வுகளின் அதிகாரபூர்வக் கொள்கை. காகிதத்தில் அது உண்மை. கலெக்டர் அலுவலகக் கூட்ட அறையில் ஏசி குளிரில் எழுந்து நிற்பவருக்கு அது எப்படித் தோன்றும் என்பதை வேறு யாரும் எழுதிவிட முடியாது. எனக்குத் தெரிந்த ஒரு நர்ஸம்மா, ஓய்வு பெற்றவர், இருபது வருஷத்துக்கு முந்தைய ஒரு பெண்ணின் ஹீமோகுளோபின் அளவை இன்றைக்கும் தசமத்தோடு சொல்வார்.

தற்கொலை விசாரணை வேறொரு மாதிரி. வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையின் சமுதாய நலத்துறை, ஒரு லட்சத்துச் சொச்சம் பேர் வாழும் கணியம்பாடி ஒன்றியத்தில் ஒவ்வொரு இறப்பையும் பல வருஷமாகப் பின்தொடர்ந்து விசாரித்து வந்தது. 1994 முதல் 1999 வரையான கணக்கில், லட்சத்துக்கு 95 பேர் தற்கொலையால் இறந்திருந்தார்கள். நாட்டுக்கே அரசுப் பதிவேடு அப்போது சொன்ன அளவு 10, 11. இளவயதுப் பெண்களின் இறப்புகளில் பாதிக்கு மேல் தற்கொலை என்று 2004-இல் அதே குழு எழுதியபோது மருத்துவ உலகம் நிமிர்ந்து பார்த்தது. போலீஸ் பதிவேட்டுக்கு வராத இந்தச் சாவுகள் எப்படித் தெரிந்தன? அந்தந்த ஊரிலேயே வாழ்கிற சுகாதாரப் பணியாளர் வழியாக. செய்தித்தாளில் ‘தீராத வயிற்றுவலி’ என்று வருகிற இடத்தில் உண்மையில் என்ன நடந்தது என்று ஊருக்குத் தெரியும். ஊர்க்காரிக்கும் தெரியும்.

ஆய்வு முறைப்படி பார்த்தால் இது பெரிய பலம். ஆனால் வெளியூரிலிருந்து வந்த என்னைப் போன்றவனுக்கு ஏழு மாதத்தில் வேலை முடிந்தது, பஸ் ஏறிவிட்டேன். உள்ளூர்ப் பெண்ணுக்குக் களம் என்று தனியாக ஒன்று கிடையாது. அவர் விசாரித்த வீட்டு மாமியாரோடுதான் மறுநாள் ரேஷன் கடை வரிசையில் நிற்க வேண்டும். அவர் காதில் விழுந்ததை அவர் புருஷனிடமும் சொல்லக்கூடாது. ரகசியம் காப்போம் என்ற உறுதிமொழி பதில் சொன்னவரைக் காக்கிறது, கேட்டவரின் வாயை அடைக்கிறது. ஆய்வு நெறிமுறைக் குழுவுக்குப் போகும் விண்ணப்பத்தில் பதிலளிப்பவருக்கு வரக்கூடிய மனவேதனையைப் பற்றிப் பத்தி பத்தியாக எழுதச் சொல்வார்கள். அது வேண்டும்தான். கேட்கிறவருக்கு என்ன ஆகும் என்பதற்கு நான் பார்த்த விண்ணப்பத்தில் ஒரு வரி இருந்தது: தகுந்த பயிற்சி அளிக்கப்படும்.

ஆய்வுக்குப் பணம் கொடுப்பவர்களிடம் கருணையைக் காட்டிப் பேசிப் பலனில்லை என்பவர்களுக்கு வேறு ஒரு வாதம் இருக்கிறது. கேட்பவர் உடைந்தால் தரவும் உடையும். எந்தப் படிவத்திலும் ‘ஆம்’ என்றால் கீழே பத்துக் கேள்வி திறக்கும், ‘இல்லை’ என்றால் அடுத்த பக்கம் போய்விடலாம். இரண்டாவது வாரத்திலேயே எல்லோருக்கும் இது பிடிபட்டுவிடும். யாரும் பொய் எழுத வேண்டியதில்லை. குரலைக் கொஞ்சம் மாற்றினால் போதும். குடும்ப வன்முறை பற்றிய சர்வேயில், “உங்க வீட்டுக்காரர் அடிக்கறதெல்லாம் இல்லையேம்மா?” என்று கேட்டால் எந்தப் பெண் ஆம் என்பாள்?

நிகரகுவாவில் இதை எண்ணாகவே பார்த்தார்கள். 1990-களின் இரண்டாம் பாதியில் அங்கே, கணவனின் அடியைப் பற்றி மூன்று ஆய்வுகள் நடந்தன. லெயோன் நகரில் நடந்ததில் 52 சதவீதப் பெண்கள் அடிபட்டதாகச் சொன்னார்கள், மனாகுவாவில் 69. நாடு தழுவிய பொதுச் சுகாதார சர்வேயில் 28 தான். ஊர்கள் வேறு என்பது மட்டும் இதற்குக் காரணமில்லை. மேரி எல்ஸ்பெர்க்கும் சகாக்களும் மூன்றையும் ஒப்பிட்டு, கேட்டவர்களுக்குத் தந்த பயிற்சி, உடனிருந்து தாங்கிய விதம், தனிமையில் கேட்க முடிந்ததா என்பதையெல்லாம் காரணங்களாகக் காட்டினார்கள். இப்படிப்பட்ட அனுபவங்களை வைத்துத்தான் 2001-இல் உலக சுகாதார நிறுவனம், குடும்ப வன்முறை பற்றி ஆராய்பவர்களுக்கான விதிகளை வெளியிட்டது. அதில் களப்பணியாளரைக் கவனமாகத் தேர்ந்தெடுப்பதும், தனிப் பயிற்சி தருவதும், வேலை நடக்கும்போதே தொடர்ந்து ஆதரவு தருவதும் நிபந்தனைகளாகவே இருக்கின்றன. தன் வீட்டிலும் அதே வன்முறையைப் பட்டவர்கள் கேட்பவர்களிலேயே இருப்பார்கள் என்பதை வெளிப்படையாக ஒப்புக்கொண்ட விதிகள் அவை.

என்ன செய்யலாம் என்பதில் பெரிய மர்மம் எதுவும் இல்லை. ஒரு நாளைக்கு இரண்டு வீட்டுக்கு மேல் வேண்டாம். குழந்தைச் சாவையே தொடர்ந்து ஒருவருக்குக் கொடுக்காமல் மாற்றி மாற்றிக் கொடுக்கலாம். அண்மையில் தன் வீட்டில் சாவு நடந்தவர் காரணம் சொல்லாமலே மறுக்கலாம் என்று வைக்கலாம். இரண்டு பேராக அனுப்பலாம். எங்கள் குழுவில் எது உதவியது என்று கேட்டால், ராத்திரி லாட்ஜ் வாசல் டீக்கடைதான். நாங்கள் நாலு பேரும் அன்றைக்குக் கேட்டதைச் சொல்லிக்கொள்வோம், பெயர் இல்லாமல். நடுவில் சம்பந்தமே இல்லாமல் சிரிப்பும் வரும், வெளியாள் கேட்டால் எங்களைப் பற்றி மோசமாக நினைப்பார். அந்த டீக்கான பணம் எந்த பட்ஜெட்டிலும் கிடையாது.

போக்கு வேறு திசையில் இருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். முன்பெல்லாம் படிவத்தின் உயிர், கதைப் பகுதிதான். அரைப் பக்கம், உள்ளூர் மொழியில், வீட்டார் சொன்னபடியே. டாக்டர் அதைப் படித்துத்தான் முடிவு செய்வார். இப்போது டாக்டருக்குப் பதில் கணினியே காரணத்தைக் கணக்கிட்டுச் சொல்லும் முறைகள் வந்துவிட்டன. கணினிக்கு வேண்டியது ஆம், இல்லை, தெரியாது. எனவே நூற்றுக்கணக்கான கேள்விகள், கதை இருந்தால் இருக்கட்டும் என்ற அளவுக்கு. வேகம், செலவு, ஒரே சீர்மை எல்லாவற்றிலும் இது மேல் என்பதை மறுக்கவில்லை. ஆனால் கதை சொல்லவிட்டபோது, வீட்டார் முதல் அறிகுறியிலிருந்து சுடுகாடு வரை தாங்களே நடத்திக்கொண்டு போவார்கள், நாம் கூடவே போனால் போதும். பல பேர் கடைசியில், இதை யாரும் இப்படி உட்கார்ந்து கேட்டதில்லை என்பார்கள். ஆம்-இல்லை முறையில் அவர்கள் கதையைத் தொடங்கும்போதெல்லாம் நாம் குறுக்கே வெட்ட வேண்டும். வெட்டுகிற கை நம்முடையது.

எங்கள் குழுவில் ஒரு அக்கா இருந்தார். ஆரணிப் பக்கம். பையில் எப்போதும் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் வைத்திருப்பார், குடிப்பதற்கு வேறு ஒன்று. ஒரு வீட்டை முடித்து அடுத்த வீட்டுக்குப் போகுமுன், தெருக்கோடியில் எங்காவது புளியமரத்தடியில் நின்று, செருப்பைக் கழற்றிவிட்டுக் காலில் ஊற்றிக்கொள்வார், முகத்தில் அடித்துக்கொள்வார், முந்தானையால் துடைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் சும்மா நிற்பார். அப்புறம்தான் நடப்பார். கதையைத் தவிர மற்றதை நாங்கள் டேப்லெட்டில் பதிவு செய்ததால் ஒவ்வொரு ஃபார்மும் தொடங்கிய நேரம், முடிந்த நேரம், இடம் எல்லாம் தலைமை அலுவலகத்தில் தெரியும். மாதக் கடைசியில் ஒரு எக்செல் தாள் வந்தது. அவர் பெயருக்கு நேரே மட்டும் மஞ்சள் கோடு போட்டு ஒரு கேள்வி: இரண்டு வீடுகளுக்கு நடுவே தினமும் பதினைந்து நிமிடம் கூடுதலாக ஆகிறதே, ஏன்? காரணம் எழுதும் கட்டத்தில் அவர் ‘தூரம்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.